லாச்சிக்குள் ஒரு கைத்துப்பாக்கி

1990களின் நடுப்பகுதியில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் கொழும்பில் கைத்துப்பாக்கி ஓர் அபூர்வப் பொருளாக இருக்கவில்லை. தமிழ்க் கட்சி அலுவலகங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றால், தேநீர் கொண்டுவந்து வைக்கும் இளைஞனின் சட்டைக்கடியிலும் ஒன்று புடைத்துக்கொண்டிருக்கும். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் பின்னால் நிற்கும் மெய்ப்பாதுகாவலர்கள், மிரட்டல் கடிதம் கிடைத்த வர்த்தகர்கள், அனுமதிப்பத்திரம் பெற்ற ஓரிரு பத்திரிகையாளர்கள் என்று பலரிடமும் அது இருந்தது. என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆயினும் அதனைக் கையிலெடுத்துப் பார்க்கவும், ஒருமுறை சுட்டுப் பார்க்கவும், அது சுட மறுத்த சந்தர்ப்பங்களை அருகிலிருந்து அறியவும் தொழில் எனக்கு வாய்ப்பளித்தது.

புதுக்கடை நீதிமன்றங்களில் நிருபராக அலைந்த நாட்களில் கேட்ட வழக்கொன்று இன்னும் நினைவில் நிற்கிறது. கடை முதலாளி ஒருவரைச் சுட்டுக்கொல்ல முயன்றதாக எதிரி மீது குற்றச்சாட்டு. இருவருக்கும் இடையே ஆறடி தூரம்கூட இல்லை. முதல் வெடி முதலாளியின் தோளை உரசிச் சென்றது. இரண்டாவது வெடி வரவேயில்லை. சுட வந்தவன் துப்பாக்கியைத் தட்டினான், உதறினான், பின்னர் அதைக்கொண்டே முதலாளியின் மண்டையில் அடித்துவிட்டு ஓடினான். சாட்சிக் கூண்டில் ஏறிய முதலாளி, தம்மைக் காப்பாற்றியவர் கொச்சிக்கடை அந்தோனியார் என்றார். (அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கோயிலுக்குப் போகும் சைவர்கள் கொழும்பில் ஏராளம்.) அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்திலிருந்து வந்த அதிகாரியோ வேறு காரணம் கூறினார். முதல் ரவையின் வெற்றுக்கோது முழுமையாக வெளியே விழாமல், துப்பாக்கியின் மேற்புறத் துவாரத்தில் செங்குத்தாகச் செருகி நின்றுவிட்டது. அடுத்த ரவை உள்ளே செல்ல வழியில்லை. ரவை பழையது, மருந்து வலுவிழந்திருந்தது என்பது அவர் முடிவு.

சுட முடியாத துப்பாக்கி துப்பாக்கியாகுமா என்று எதிரித்தரப்புச் சட்டத்தரணி கேட்டபோது நீதிமன்றில் சிரிப்பொலி எழுந்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

அன்று இடைவேளையின்போது அந்த அதிகாரி எனக்குச் சொன்ன விளக்கத்தை இங்கே சுருக்கித் தருகிறேன். ரிவோல்வரில் ரவைகள் ஓர் உருளைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. விசையை இழுக்கும் விரலே உருளையையும் சுழற்றுகிறது. ஒரு ரவை வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது முன்னே வந்துவிடும். அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி அப்படியன்று. அங்கே ஒவ்வொரு வெடியும் அடுத்த வெடிக்கான வேலையைச் செய்தாக வேண்டும். ரவை வெடிக்கும் உதைப்பினால், ஸ்லைட் எனப்படும் மேற்புற இரும்புப் பகுதி பின்னோக்கி வழுக்குகிறது. அது தன்னோடு வெற்றுக்கோதை இழுத்து வெளியே எறிகிறது. பின்னர் சுருள்வில் அதனை முன்னே தள்ள, அது கைப்பிடிக்குள் இருக்கும் மகசினிலிருந்து ஒரு ரவையை உரித்தெடுத்துக் குழாயின் அடிவாயிலுள்ள அறைக்குள் செருகுகிறது. இத்தனையும் கண்ணிமைப்பதற்குள் நடந்து முடிகின்றன. மகசினின் உதடுகள் இலேசாக வளைந்திருந்தால், அதன் சுருள்வில் தளர்ந்திருந்தால், எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தால், ரவையில் ஈரம் பட்டிருந்தால், இந்தத் தொடரில் எங்கோ ஓரிடத்தில் தடை ஏற்படும். கோது செருகி நிற்கலாம். கோது வெளியேறாமலேயே அடுத்த ரவை அதன் முதுகில் முட்டலாம். ஊசி தட்டியும் ரவை வெடிக்காதிருக்கலாம்.

இதனைக் கேட்ட சில ஆண்டுகளின் பின்னர் நேரிலும் கண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே அழைப்போம். அவருடைய பத்தி ஒன்றுக்குப் பிறகு வீட்டுக்கு இரவுத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பித்து, பதின்மூன்று ரவைகள் கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றைப் பெற்றார். பகலில் அது அவருடைய மேசை லாச்சிக்குள், மஞ்சள் நிறத் துணியில் சுற்றப்பட்டு, ஒப்புநோக்கிய பக்கங்களுக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் நடுவே கிடக்கும். இரவில் அவரோடு வீட்டுக்குப் போகும். இரண்டு வருடங்களாக ஒரு ரவைகூடச் சுடப்படவில்லை. துணியை விரித்து எண்ணெய் போட்டதாகவும் எவரும் கண்டதில்லை.

அவருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி ஒருவர் இதைக் கேள்விப்பட்டுக் கடிந்துகொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் கொழும்புக்கு வெளியே ஒரு சுடும் பயிற்சித் திடலுக்கு அழைத்துச் சென்றார். அண்ணை இரு கைகளாலும் துப்பாக்கியைப் பிடித்து, கண்களை முக்கால்வாசி மூடிக்கொண்டு சுட்டார். மூன்று வெடிகள் ஒழுங்காகப் போயின. நான்காவதன் கோது செருகியது. அதிகாரி அதை அகற்றிக் கொடுத்தார். இன்னும் இரண்டு வெடி. பிறகு ரவை ஒன்று மூக்கு மேலே நோக்கியபடி வாயிலில் சிக்கியது. மறுபடி சரிசெய்தார். பதின்மூன்று ரவைகளைச் சுட்டு முடிப்பதற்குள் நான்கு தடவை அந்தத் துப்பாக்கி நின்றுபோயிற்று. எனக்குக் கிடைத்த ஐந்து ரவைகளில் இரண்டு சிக்கின. ஒவ்வொரு தடவையும் தடையை நீக்க அண்ணைக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதிகாரி பக்கத்தில் நின்று முறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவ்வளவு நேரம் என்றால், இருட்டில், வாசற்கதவு உடைக்கப்படும்போது எவ்வளவு நேரமாகும் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

பின்னர் அதிகாரி அதை வாங்கினார். ரவைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். சிலவற்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடற்காற்று எட்டும் வீட்டில் பித்தளைக்கு அது நடக்கத்தான் செய்யும். துப்பாக்கியைத் துடைத்து இரண்டு துளி எண்ணெய் விட்டார். தம்மிடமிருந்த புதிய ரவைகளை நிரப்பினார். ஒரு தடையுமின்றிப் பதின்மூன்றும் போயின.

"ஐயா, ரவை பாதி, உங்கள் கை மீதி" என்றார் அண்ணையிடம். மணிக்கட்டு உறுதியாக நின்றால்தான் உதைப்பு ஸ்லைடைப் பின்னே தள்ளும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் துப்பாக்கி முழுவதுமே கையோடு சேர்ந்து பின்னே போகும். ஸ்லைட் தன் முழுத் தூரத்தையும் ஓடாது. கோது பாதிவழியில் மாட்டிக்கொள்ளும். பயந்தவனின் கை தளரும். உயிருக்குப் பயந்தே அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்த அண்ணை ஒன்றும் பேசாமல் காருக்குள் போய் அமர்ந்துகொண்டார்.

சுடாமற் போவது ஒருவகைத் துரோகம். சுடக்கூடாத வேளையில் சுடுவது மற்றொரு வகை. இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறுவன் என் நினைவுக்கு வருகிறான். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த, பதினாறு வயதும் நிரம்பாத பிள்ளை. பிரமுகர் ஒருவரின் வீட்டில் மெய்ப்பாதுகாவலருக்குத் தேநீர் எடுத்துச் சென்றபோது வயிற்றில் சூடு பட்டு, பெரியாஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இறந்தான். பாதுகாவலர் துப்பாக்கியைத் துடைப்பதற்காக மகசினைக் கழற்றிவிட்டுத்தான் விசையை அழுத்தியிருக்கிறார். மகசினைக் கழற்றினாலும், ஏற்கெனவே அறைக்குள் சென்றுவிட்ட ரவை அங்கேயே இருக்கும். இந்தச் சிறிய விஷயம் துப்பாக்கி பழகியவர்க்குத் தெரியாதா என்று கேட்கலாம். அவர் முன்னர் பழகியது பிரவுணிங் ஹைபவர். 1935இல் வெளிவந்த அந்தத் துப்பாக்கியில், மகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாதபடி ஓர் ஏற்பாடு உண்டு. புதிதாக அவர் கைக்கு வந்த வேற்று நாட்டுத் துப்பாக்கியில் அது இல்லை. பெரும்பாலான துப்பாக்கிகளில் இல்லை. ஒரு துப்பாக்கி கற்றுக்கொடுத்த நம்பிக்கையை அவர் இன்னொன்றின் மீது வைத்தார். தேநீர் கொண்டுவந்த பிள்ளை செத்துப்போனான்.

செய்தி நான்கு வரிகளில் வந்தது. 'துப்பாக்கி தவறுதலாக இயங்கியதில்' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை இலங்கையில் பத்திரிகை படிப்பவர்கள் நூறு தடவையாவது கண்டிருப்பார்கள். பொலிஸ் அறிக்கையிலிருந்து அப்படியே வருவது அது. துப்பாக்கி 'இயங்கியது' என்று எழுதிவிட்டால், விசையை இழுத்தவர் வாக்கியத்திலிருந்தே மறைந்துபோகிறார்.

உலக வரலாற்றில் பெயர் பெற்ற சில 'மறுப்புகள்' கூட இந்த அறைக்குள் ரவை இருந்ததா இல்லையா என்ற கேள்வியில்தான் தங்கியிருக்கின்றன. 1975 செப்டெம்பர் 5ஆம் திகதி, கலிபோர்னியாவின் சக்கரமென்டோ நகரில், அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டை நோக்கி லினெட் ஃபிரோம் என்ற பெண் கைக்கெட்டும் தூரத்தில் .45 கோல்ட் துப்பாக்கியை நீட்டினாள். மகசினில் நான்கு ரவைகள் இருந்தன. அறை வெறுமையாக இருந்தது. 2022 செப்டெம்பர் 1ஆம் திகதி இரவு, புவெனஸ் அயர்சில் தம் வீட்டு வாசலில் ஆதரவாளர்களோடு நின்ற ஆர்ஜென்டீனத் துணை ஜனாதிபதி கிறிஸ்டினா ஃபெர்னாண்டஸின் முகத்துக்கு மிக அருகில் ஒருவன் .32 துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. அதில் ஐந்து ரவைகள் இருந்தன. அங்கும் அறைக்குள் எதுவும் இல்லை. துப்பாக்கி பழுது என்று முதலில் பலரும் பேசினார்கள். துப்பாக்கி தன் வேலையைச் சரியாகவே செய்தது என்பதுதான் இதில் விசித்திரம். ஸ்லைடை ஒருதரம் இழுத்துவிட்டிருந்தால் இரண்டு நாடுகளின் வரலாறும் வேறாகியிருக்கும். ஃபோர்டுக்குப் பதினேழு நாட்களின் பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு பெண் குறிவைத்தாள். அவள் கையில் இருந்தது ரிவோல்வர். அது வெடித்தது, குறிதான் தவறியது.

ரிவோல்வரே நம்பகமானது என்று முடிவு கட்டவும் முடியாது. காந்தியடிகளைக் கொல்ல வந்தவர்கள் 1948 ஜனவரி 20ஆம் திகதி காலை, டில்லியில் இந்து மகாசபைக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த காட்டில் இரண்டு ரிவோல்வர்களைச் சோதித்துப் பார்த்ததாக, அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய கூட்டாளி ஒருவர் வழக்கில் கூறினார். ஒன்று இயங்க மறுத்தது. மற்றையதிலிருந்து போன ரவை குறிவைத்த மரத்தை எட்டவில்லை. அன்றைய சதி கலைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கோட்சே அடுத்துச் செய்த காரியங்களில் ஒன்று, குவாலியருக்குச் சென்று நல்ல துப்பாக்கி ஒன்றைத் தேடிப் பெற்றது. ஜனவரி 30ஆம் திகதி மாலை அந்த இத்தாலிய பெரெட்டா மூன்று தடவை சுட்டது. அரைத் தானியங்கிதான். கோது சிக்கவில்லை, ரவை நமுக்கவில்லை.

இவற்றையெல்லாம் நான் அண்ணையிடம் அவ்வப்போது சொல்வதுண்டு. அவர் சிரித்துவிட்டுத் துணியைச் சுற்றி லாச்சிக்குள் வைப்பார். 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் கொல்லப்பட்டபோது அந்தச் சிரிப்பு நின்றது. ஊரடங்கு வேளையில், தம் வீட்டில் மேசைக்கு முன் எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டுக்குள் கைக்குண்டும் எறிந்தார்கள். அவருடைய மேசையிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று எங்கள் அலுவலகத்தில் இளைஞர்கள் பேசினார்கள். அண்ணை எதுவும் சொல்லவில்லை. 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் வேலைக்குப் போகும் வழியில், பட்டப்பகலில், வீதியில் சுடப்பட்டார். 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு தர்மரத்தினம் சிவராம் பம்பலப்பிட்டியில் பொலிஸ் நிலையத்துக்கு எதிரிலேயே வாகனத்தில் ஏற்றிச் செல்லப்பட்டு, மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் சடலமாகக் கிடந்தார். இவர்களில் எவருக்கும் லாச்சியைத் திறக்க நேரம் கிடைத்திருக்காது. எதிரில் வந்தவர்களின் ஆயுதங்கள் எண்ணெய் போடப்பட்டவை, மணிக்கட்டுகள் பழகியவை.

சிவராமின் இறுதிச் சடங்கு முடிந்து சில வாரங்களில் அண்ணை தம் துப்பாக்கியை ஒப்படைக்க முடிவு செய்தார். அவருடைய மகள் அப்போது கைக்குழந்தையோடும் நான்கு வயது மகனோடும் வீட்டுக்கு வந்திருந்தாள். துணைக்கு என்னையும் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தார். மேசைக்குப் பின்னாலிருந்த சார்ஜன்ட் மகசினைக் கழற்றி, ரவைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார். பன்னிரண்டு. பற்றுச்சீட்டில் அந்த எண்ணை எழுதிக் கையொப்பமும் இட்டார். அறைக்குள் ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்டார். ஒருபோதும் வைத்ததில்லை என்றார் அண்ணை.

சார்ஜன்ட் வழக்கப்படி துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஸ்லைடை இழுத்தார். பச்சைக் களிம்பு பூத்த ரவை ஒன்று வெளியே துள்ளி, மேசையில் உருண்டு, புத்தகத்தின் ஓரத்தில் முட்டி நின்றது. அது எப்போது, யாரால் உள்ளே போனது என்று அண்ணைக்கு நினைவில்லை. சார்ஜன்ட் பன்னிரண்டைக் குறுக்கே வெட்டிப் பதின்மூன்று என்று எழுதினார். திருத்தத்துக்கு அருகே இருவரும் மறுபடி கையொப்பமிட வேண்டியிருந்தது. அண்ணையின் கையெழுத்து முதலாவதைப் போல இருக்கவில்லை.