கொடுக்கும் பற்றி, வாங்கும் பற்றி

மகாராஷ்டிரத்தின் இச்சல்கரஞ்சியில் 1904-இல் முதல் விசைத்தறி ஓடத் தொடங்கியது. அன்று ஊடையைச் சுமந்து சென்றது நாடா. அதன் வயிற்றில் நூல் சுற்றிய தார் இருக்கும்; நூல் தீருமுன் தாரை மாற்றியாக வேண்டும்.

இன்று அவ்வூரில் ஓடும் ரேப்பியர் தறிகளில் நாடா இல்லை. ரேப்பியர் என்பது ஐரோப்பாவில் மெல்லிய வாளொன்றின் பெயர். இத்தறியில் இரண்டு பற்றிகள் இரு புறமிருந்தும் பாவு இழைகளுக்கிடையே நுழைகின்றன. ஒன்று ஊடையைக் கவ்வி நடுவரை கொண்டுவருகிறது. மற்றொன்று அதை வாங்கி மறுபுறம் இழுத்துச் செல்கிறது. கைமாறும் கணம் சற்றே பிசகினாலும் இழை நழுவித் துணியில் குறை விழும்.

இங்கே ஊடை திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் வெட்டப்படுகிறது. நாடா போய்வந்தபோது தானே அமைந்த கரையை இப்போது தனியே கட்டி, நீட்டி நிற்கும் நுனிகளைக் கத்தரித்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. ஊடை நேரே கோனிலிருந்து வருவதால் தாருக்கும் வேலையில்லை. தறியின் வேகமும் துணியின் அகலமும் கூடின. தார் சுற்றியவர்களின் கூலி நின்றது. கத்தரித்த நூலுக்காவது கழிவு விலை உண்டு. தார் சுற்றிப் பழகிய கைகளோ வேறு தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டும்.