சாவிக்கு ஓர் ஆணி

கொட்டாஞ்சேனையில் எங்கள் மூத்தம்மா வீட்டு வாசல் கதவின் அருகே ஓர் ஆணி இருக்கிறது. என் தம்பியின் கைக்கும் எட்டும் உயரத்தில் அதை அடித்திருக்கிறார்கள். அதில் இரும்புக் கதவின் சாவி மட்டுமே தொங்கும். குடையையோ பையையோ யாராவது மறந்துபோய் மாட்டிவிட்டால், மூத்தம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துக் கீழே வைத்துவிடுவார். அந்த ஆணி அங்கே வந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். அதில் இதுவரை நான் வெளியில் சொல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது.

ஜம்பட்டா வீதிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இருக்கும் பழைய வீடு அது. கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் முழுக்க மரம். தரை பலகை, படிக்கட்டு பலகை, கூரையைத் தாங்குவது பலாமர உத்தரங்கள். குடும்பம் பெருகப் பெருக, ஒரு பெரிய அறையை மெல்லிய பிளைவூட் தட்டிகளால் மூன்றாகப் பிரித்தார்கள். கள்வருக்குப் பயந்து யன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டார்கள். இறங்குவதற்கு ஒரே படி, வெளியே போவதற்கு ஒரே வாசல். கொழும்பு வடக்கில் இப்படியான வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பக்கத்து வீட்டின் பலகையும் நம் வீட்டின் பலகையும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்.

2022 மார்ச் மாதக் கடைசி. நோன்புக்கு இரண்டு மூன்று நாட்களே இருந்தன. நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. உம்மாவுக்குச் சுகமில்லாததால் நானும் தம்பியும் மூத்தம்மா வீட்டில் தங்கியிருந்தோம். மாமா பெட்ரோல் வரிசையில் நின்று இரவு வீடு திரும்பவில்லை. ஆண் துணை இல்லையென்று சாச்சி இரும்புக் கதவைப் பூட்டி, சாவியை மேலே தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். தட்டு எடுக்கச் சோம்பல். மெழுகைச் சொட்டவிட்டு, அதன் மேலேயே திரியைத் தட்டியோரப் பலகையில் நிறுத்தியிருந்தேன்.

தம்பியின் இருமல்தான் என்னை எழுப்பியது. நான் முதலில் பார்த்தது நெருப்பை அல்ல, புகையை. தட்டியின் ஒரு பக்கம் செங்குத்தாக எரிந்துகொண்டிருந்தது. நுளம்பு வலையொன்று ஒரு மூச்சில் காணாமல் போனது. “கீழ போங்க மகள், தம்பியப் புடிச்சிட்டு போங்க!” என்று சாச்சி கத்தினார். மூத்தம்மாவையும் இறக்கிக்கொண்டு நால்வரும் வாசலுக்கு வந்தோம். அங்கே பூட்டுத் தொங்கியது.

“சாவி எங்க புள்ள?” என்று மூத்தம்மா கேட்டார். சாச்சி பதில் சொல்லவில்லை. தண்ணீர் வாளியில் துப்பட்டியை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பவும் படியேறினார். அவர் இறங்கி வரும்வரை எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. மூத்தம்மா ஓதிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. சாச்சி தவழ்ந்தபடி பின்புறமாகப் படியில் இறங்கி வந்தார். வலது கை கொப்பளித்திருந்தது. இடது கையில் சாவி.

அதற்குள் ஒழுங்கையே எழுந்துவிட்டது. தமிழ் வீடு, சிங்கள வீடு, எங்கள் வீடு என்று பார்க்காமல் வாளிகள் கைமாறின. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத ஒழுங்கை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பிளைவூட் அறை போனது, வீடு தப்பியது.

மறுநாள் மாமா உளியோடு மேலே ஏறினார். தட்டிகள் இருந்த இடத்தில் சாம்பல். ஆனால் தட்டிக்கு நேர் மேலே இருந்த பலா உத்தரத்தைச் சுரண்டிப் பார்த்தபோது, அரை விரல் ஆழத்துக்குக் கீழே மரம் மஞ்சளாக, புதிதாக இருந்தது. அந்த நெருப்பில் மரமே மரத்தைக் காப்பாற்றியது எப்படியென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகுதான் படித்து அறிந்தேன். தடித்த மரத்தின் மேற்புறம் எரியும்போது கரியாகிறது. அந்தக் கரி ஒரு போர்வைபோல் வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதனால் பருத்த உத்தரம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே தேய்கிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று பொறியியலாளர்கள் முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கையும் நம்பித்தான் நோர்வேயில் 2019இல் 85 மீற்றர் உயரமான 18 மாடிக் கட்டடத்தை மரத்தால் எழுப்பினார்கள். மெல்லிய பலகைக்கு அந்தப் போர்வை உருவாக நேரமில்லை. இரு பக்கமும் காற்றுப்பட்டு விறகாகவே எரிகிறது. மூடப்படாத படிக்கட்டோ புகைபோக்கியாக மாறி, கீழே பிடிக்கும் தீயை மேலே உறிஞ்சுகிறது. ஆகவே நாம் பயப்பட வேண்டியது மரத்துக்கு அல்ல. மெல்லிய தட்டிக்கும், ஒற்றைப் படிக்கும், பூட்டிய கதவுக்கும்தான்.

அதே வருடம் செப்டம்பர் 27ஆம் திகதி மாலை, தொட்டலங்க கஜிமாவத்தையில் தீப்பிடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லை. பலகையும் தகரமுமாக நெருங்கி நின்ற சுமார் 80 வீடுகள் எரிந்தன. 200க்கும் மேற்பட்டோர் ஒரே மாலையில் வீடிழந்தார்கள். செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, “நமக்கு அல்லாஹ் ஒரு தட்டியோட விட்டான்” என்றார். சாச்சி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் தீ எப்படிப் பிடித்ததென்று கேட்டவர்களுக்கெல்லாம் சாச்சி ஒரே பதிலைத்தான் சொன்னார்: “எலி மெழுகுதிரியத் தட்டியிருக்கும்.” கூரையில் எலி ஓடும் வீடு அது, எல்லோரும் நம்பினார்கள். நானும் பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் இஸ்லாம் பாடத்தில் ஆசிரியை ஒரு ஹதீஸை விளக்கினார். மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. நெருப்பு உங்களுக்கு எதிரி, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் அறிவுறுத்தினார்கள். எலி திரியை இழுத்துப்போய் வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸ்களில் வருகிறது. எலி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது. எலி எரியாத திரியை இழுத்தால் எதுவும் ஆகாது. அணைக்க வேண்டியவர் அணைக்காமல் உறங்கியதுதான் அங்கே குற்றம். அன்று மெழுகுதிரியை அணைக்காமல் உறங்கியவள் நான். சாச்சிக்கு அது முதலிலிருந்தே தெரியும். ஒன்பதாம் தரத்துப் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றக்கூடாதென்று அவர் அதை எலியின் தலையில் ஏற்றினார்.

நல்ல மனது மட்டும் போதாது, நல்ல பொருளும் வேண்டும் என்பதை நம் நாட்டு வைத்தியர் ஒருவரிடமிருந்து கற்றேன். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குச் சரிந்து எரிகாயம் பட்டவர்களுக்குச் சிகிச்சையளித்துவந்தவர். கவனமாக இருங்கள் என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை, விளக்கையே மாற்றினார். மார்மைட் போத்தலின் குள்ளமான வடிவத்தைப் பார்த்து, எளிதில் சரியாத, சரிந்தாலும் உருளாதபடி இரு பக்கம் தட்டையான, எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடியுள்ள விளக்கை உருவாக்கினார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மனிதர் மறப்பார்கள், களைத்து உறங்குவார்கள். அப்போதும் உயிர் போகாதபடி பொருட்களை அமைப்பதுதான் பாதுகாப்பு.

எங்கள் வீட்டிலும் அப்படியே செய்தோம். மாமா பிளைவூட்டுக்குப் பதிலாக ஜிப்சம் பலகை போட்டார். மேல்மாடி யன்னலொன்றின் கம்பியைக் கழற்றி, உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்தார். எலி கடித்த பழைய வயர்களை மாற்றினார். வாசலில் ஒரு வாளி மணல். சாவிக்கு ஓர் ஆணி.

“அந்தப் பலகை வீட்ட விட்டுட்டு எங்களோட வந்து இருங்களே” என்று உம்மா எத்தனையோ தரம் கூப்பிட்டுவிட்டார். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில். ஒருமுறை லிப்ட் வேலை செய்யாத நாளில் மூத்தம்மா படியேறி வந்தார். தளத்துக்குத் தளம் சப்பாத்து அலுமாரி, உடைந்த கட்டில், சைக்கிள், அட்டைப்பெட்டிகள். மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தவர் கேட்டார்: “சீமெந்து வீடுதான் மகள். ஆனா பத்திக்கிட்டா எதால இறங்குவீங்க?”

எங்களிடம் பதிலில்லை. வெள்ளவத்தையில் நெருப்பு என்றால் பெரியவர்களுக்கு 1983 ஜூலைதான் நினைவுக்கு வரும். மனிதர் மூட்டிய அந்தத் தீயைப் பற்றிப் பேசுகிறோம். மனிதர் மறந்து விடும் தீயைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த வாரமே நானும் தம்பியும் கதவு கதவாகத் தட்டினோம். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் ஒரு மாதத்தில் படிக்கட்டு வெறுமையானது. தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990 என்று தம்பி தன் கையால் எழுதிய தாள் இப்போதும் கீழ்த்தளச் சுவரில் இருக்கிறது.

இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் சாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். எலி வரும் இடத்தில் அவர் சிரித்தார். பிறகு, “சரி, இப்ப அந்த எலிய விட்டுடுவோம்” என்றார். வெளியே போகும்போது, நாங்கள் எல்லோரும் செய்வதுபோல், ஆணியில் சாவி இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.