மாதிரி விடையில் இல்லாத நான்

தருமபுரிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலர் ராத்திரியில் என்னிடம் வந்து தமிழில் விடை எழுதிப் பழகுகிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன், பிழை திருத்துவான் என்ற நம்பிக்கை. வரலாறு, பொருளாதாரமெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தகராறு அறவியல் தாளில்தான். 2013-இல் முதன்மைத் தேர்வில் புதிதாகச் சேர்த்த தாள், 250 மதிப்பெண். அதில் 'உணர்வுசார் நுண்ணறிவு' என்று ஒரு பகுதி. அதற்கு முதல் படி தன்னை அறிதலாம். 1995-இல் டேனியல் கோல்மன் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகத்தால் ஊர் உலகமெல்லாம் பரவிய சரக்கு இது. அப்புறம் நேர்முகத் தேர்வு, 275 மதிப்பெண். உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று அங்கேயும் கேட்பார்கள் என்று பயிற்சி மையங்கள் சொல்லி வைத்திருக்கின்றன.

அதற்கு மாதிரி விடையும் தயாராக இருக்கிறது. "எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவேன்." "வேலையில் இறங்கினால் நேரம் போவது தெரியாது." பலவீனம் மாதிரித் தெரியணும், பலமா இருக்கணும். இதுக்குப் பேரு தன்னை அறியறதாம்!

ஒரு தம்பி கொண்டுவந்த நோட்டில், உன்னை உருவாக்கிய நிகழ்ச்சி எது என்று பயிற்சிக் கேள்வி. பத்து வயதில் அம்மாவோடு களை பறிக்கப் போனபோது நிலத்துக்காரர் வீட்டில் சொம்பைத் தராமல் கையில் தண்ணீர் ஊற்றியதையும், அம்மா குடிக்காமல் கையை உதறிவிட்டு வந்ததையும் எழுதியிருந்தான். மையத்து ஆசிரியர் அதன் குறுக்கே சிவப்புக்கோடு இழுத்து, 'மனக்கசப்பு தெரிகிறது, சமநிலை தேவை' என்று போட்டிருந்தார். தாத்தா சொன்ன நீதிக்கதை ஏதாவது எழுது என்றாராம்.

"அப்ப நான் யாருன்னுதாண்ணா எழுதறது?" என்றான்.

அம்மா கையை உதறியதை முதல் வரியாக வைக்கச் சொன்னேன். 150 வார்த்தைக்கு மேல் போனது. கோல்மனை வெட்டினோம்.

எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கணும், எந்தக் கடையில் எங்கே உட்காரணும் என்று கணக்குப் போட்டே வளர்ந்தவனுக்குத் தன்னை அறிவது புதுப்பாடமா? அடுத்தவன் கண்ணில் தான் என்னவாகத் தெரிகிறோம் என்பது அவனுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும். ஆதிக்க சாதிப் பிள்ளைக்குத்தான் தன் சாதி கண்ணில் படுவதில்லை. சமநிலை என்று அவன் பேரில் மதிப்பெண் விழுகிறது.

இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு ஆட்சிப்பணியின் அறத்தைப் பேசினால் வாச்சாத்தியைப் பேசாமல் முடியாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அரூர் பக்கத்து அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள். அரசு மறுத்தது. தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்திலிருந்து நேரில் வந்து விசாரித்த பாமதி என்ற ஆட்சிப்பணி அதிகாரி, மக்கள் சொல்வது உண்மை என்று எழுதினார். அந்த நாற்காலிக்கும் அறம் தெரியும், உட்காருகிறவரைப் பொறுத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் செத்துப்போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. சரியாக 12 வருஷம் கழித்து, 2023-இல் அதே தேதியில், சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

அறவியல் தாளில் பாதி, 'நீங்கள் இந்த அதிகாரி, என்ன செய்வீர்கள்' என்கிற மாதிரிக் கேள்விகள். போன வாரம் நானே ஒன்று கொடுத்தேன். '1992 ஜூன் 20. நீங்கள் தருமபுரி மாவட்ட ஆட்சியர்.'

எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். ஒரு பொண்ணு மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"கலெக்டர் ஆபீசிலருந்து வாச்சாத்திக்கு எவ்வளவு நேரம்ணா ஆகும்?"

ஜீப்பில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம் என்றேன்.