மறைந்திருந்த நோய்

அரபி மொழியில் ஜீம், நூன், நூன் என்னும் வேருக்கு ‘மறைத்தல்’ என்பது பொருள். கண்ணுக்குப் புலனாகாத ஜின், கருவறையில் மறைந்துள்ள ஜனீன் எனும் சிசு, அறிவு திரையிடப்பட்ட மஜ்னூன் யாவும் அவ்வேரில் கிளைத்தவையே. இதனை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வந்த நான், மஜ்னூன் ஒருவனை நேரில் கண்டபோது ஜின்னை மட்டுமே நினைத்தேன். அத்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

1999-ஆம் ஆண்டு. மணமேல்குடியில் ஒரு தாய், தம் இருபது வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். பிள்ளை கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தான். உறக்கமின்றிச் சுவரோடு பேசினான். “ஹஜ்ரத், ஓதி ஊதுங்க” என்றார். ஓதினேன், தண்ணீரும் தாயத்தும் தந்தேன். குணம் காணாதபோது, “ஏர்வாடிக்குக் கொண்டு போங்கள்” என்றேன். மருத்துவர் என்ற சொல் என் நாவில் வரவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அப்பிள்ளை வேறொரு கொட்டகையில் இருந்தமையால் உயிர் பிழைத்தான். ஊர் திரும்பிய பின்னரே மருத்துவமனைக்குச் சென்றான். மாத்திரைகளை விடாது உட்கொண்டான். சில மாதங்களில் மீண்டும் வலையைக் கையில் எடுத்தான்.

அதன் பிறகே நான் தேடிப் படித்தேன். அம்மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டு வேர் ஒன்றும் இருந்தது. சித்தப்பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சர்ப்பகந்தி வேர் பயன்படுவதை 1931-இல் கல்கத்தா மருத்துவர்கள் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். அதே ஆண்டில், தில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ அவ்வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹகீம் அஜ்மல் கான் நினைவாக ‘அஜ்மலீன்’ எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பைச் சீராக்க அது பயன்பட்டது. 1952-இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் அவ்வேரிலிருந்தே ரெசர்பினைப் பிரித்தனர். சித்தப்பிரமைக்கு அது மருந்தாயிற்று. பாரிஸில் மனநோயாளருக்குக் குளோர்புரோமசின் கொடுக்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே.

ஆய்வுக்கூடம் அத்துடன் நிற்கவில்லை. ரெசர்பின் செலுத்தப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்கள், எல்-டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடியதை 1957-இல் ஸ்வீடன் நாட்டு அர்வித் கார்ல்சன் கண்டார். மூளை அணுக்களிடையே செய்தி சுமக்கும் டோபமைன் இவ்வாறு வெளிப்பட்டது. சித்தப்பிரமை மருந்துகள் பெரும்பாலும் அதன் செயலைத் தணிப்பவை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. கார்ல்சன் நோபல் பரிசு பெற்றது 2000-ஆம் ஆண்டில். ஏர்வாடியில் தீ எரிந்தது அதற்கு அடுத்த ஆண்டில்!

நோயின் முழு மூலமும் இன்னும் துலங்கவில்லை. ரெசர்பின் சிலரைச் சோர்வில் ஆழ்த்தியதால் கைவிடப்பட்டது. இன்றைய மருந்துகளிலும் நடுக்கம், உடற்பருமன் போன்ற துன்பங்கள் உண்டு. ஆதலால் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. சங்கிலியை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடுத்துவிட்டது. ஏர்வாடியிலும் துஆவோடு மருந்தும் வழங்கும் ஏற்பாடு வந்துள்ளது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அன்றோ!

இன்றும் நான் ஓதுகிறேன். ஆனால் முதலில், “மருத்துவரிடம் காட்டினீர்களா?” என்று கேட்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது நரை கண்டவன். பள்ளிவாசலில் என் அருகமர்ந்து ஒளு செய்கையில், அவன் கழுவும் கணுக்காலில் சங்கிலித் தழும்பு தெரிகிறது. எனக்கு முதலில் ஸலாம் சொல்பவனும் அவனே. எல்லாம் வல்ல அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.