ஒரு சின்ன 'அப்' செய்த வேலை

போன ஐப்பசியில், நல்ல மழை நாள் ஒன்றில், இரவு பத்து மணிக்கு என் அக்கா மகளிடமிருந்து டெலிபோன் வந்தது. "சித்தி, முந்நூற்று முப்பதுதான்" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை; அழுகைதான் வந்தது.

அது என்ன முந்நூற்று முப்பது என்று கேட்கிறீர்களா? அவள் நர்ஸ். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. சீமைக்கு நர்ஸாகப் போக வேண்டுமானால் ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் தேறியாக வேண்டும். 'ஓ.இ.டி.' என்று ஒரு பரீட்சை, வைத்தியத் துறைக்காரர்களுக்கென்றே ஏற்பட்டது. கேட்டல், படித்தல், பேசுதல் இம்மூன்றிலும் 500-க்கு 350 வாங்க வேண்டும். எழுதுவதில் மட்டும் 300 போதும். மற்ற மூன்றையும் பெண் தாண்டிவிட்டாள். கேட்டலில் 330. ஒரு தடவை எழுத முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

என் அக்கா போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அவள் நின்றதால்தான் நான் காலேஜுக்குப் போனேன். இன்று பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து உங்களுக்குக் கட்டுரை எழுதுகிறேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமையே ரயில் ஏறினேன். அகலப் பாதை போடுவதற்காகப் பல வருஷங்கள் நின்றிருந்த போடி ரயில், 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். போடியில் இறங்கி, அங்கிருந்து பொட்டிபுரம் போய்ச் சேர்ந்தபோது பெண் முகம் வீங்கிப் படுத்திருந்தாள்.

"எதிலேடி கோட்டை விட்டாய்?" என்று கேட்டேன்.

நினைவிலிருந்த இரண்டு மூன்றைச் சொன்னாள். பயிற்சிப் பாடம் ஒன்றில் நோயாளியின் மகன், "அப்பா பத்து நிமிஷத்தில் கேம் ரவுண்ட்" என்கிறான். இவள், 'சுற்றி வந்தார்' என்று எடுத்துக்கொண்டாள். அவன் சொன்னதோ, மயக்கம் தெளிந்தது என்று. இன்னொருத்தி, "காலையில் இரண்டு தடவை த்ரூ அப்" என்கிறாள். வாந்தி எடுத்தாளாம்! இவள் எதையோ மேலே வீசி எறிந்ததாக நினைத்தாள். வாந்திக்கு வைத்தியப் புத்தகத்தில் உள்ள நீளமான பெயர் இவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் புத்தகப் பெயரையா சொல்வான்?

இது அவள் ஒருத்தியின் சங்கடமல்ல. ஆங்கிலேயர்களே ஒப்புக்கொண்ட சமாசாரம். 1755-ல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், வினைச் சொல்லோடு இந்தச் சின்னச் சொற்கள் சேர்ந்து அர்த்தம் மாறுவதுதான் அந்நிய நாட்டாருக்குப் பெரிய கஷ்டம் என்று முன்னுரையிலேயே எழுதி வைத்தார். இந்தச் சேர்க்கைக்கு 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயர் பிரபலமானது 1925-ல் வந்த ஒரு புத்தகத்தால். பெயர் வைத்துவிட்டால் கஷ்டம் தீருமா?

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை முறத்தில் மொச்சையைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "இதுக்கா இந்த அழுகை? நம்ம பேச்சுல இல்லாததா?" என்றாள். "நான் பொறுக்குறேன். நல்லதைப் பொறுக்கி எடுக்கிறேன். சொத்தையைப் பொறுக்கிப் போடுறேன். மூணும் ஒண்ணா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. (பாருங்கள், இதையே ஒரு வெள்ளைக்காரனுக்கு விளக்க வேண்டுமானால் என்ன பாடு! யாரும் தூக்கவில்லை, யாரும் வாரவில்லை, எதையும் போடவுமில்லை.)

அன்று ராத்திரி முழுவதும் பாடம்தான். பார் என்பது வேறு, பார்த்துக்கொள் என்பது வேறு. 'லுக்' என்பதோடு 'ஆஃப்டர்' சேர்ந்தால் பார்த்துக்கொள். சாப்பிடு வேறு, சாப்பிட்டுவிடு வேறு. 'ஈட்' என்பதோடு 'அப்' சேர்ந்தால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. நம் 'விடு' செய்கிற வேலையைப் பல இடங்களில் அவர்களுடைய 'அப்' செய்கிறது. எல்லா இடத்திலும் அல்ல. 'கிவ் அப்' என்றால் கொடுத்துவிடு அல்ல, முயற்சியைக் கைவிடு. "கைவிடுன்னாலும் கையையா விடுறோம்?" என்றாள் அக்கா. நியாயம்தானே!

சொல் எங்கே உட்காரும் என்பது இன்னொரு தொல்லை. 'பிக் அப் தி பேபி' என்றாலும் சரி, 'பிக் தி பேபி அப்' என்றாலும் சரி. ஆனால் குழந்தையை 'இட்' ஆக்கிவிட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'பிக் இட் அப்'. 'லுக் ஆஃப்டர்' மட்டும் பிரியவே பிரியாது. ஒட்டிப் பிறந்த இரட்டையர்.

நாமாகச் செய்துகொண்ட கோளாறுகளும் உண்டு. என் மருமகள் தன் விண்ணப்பத்தில், "நான் 2019-ல் நர்ஸிங் காலேஜில் பாஸ் அவுட்" என்று எழுதியிருந்தாள். நம் ஊரில் அப்படிச் சொல்லாதவர் யார்? லண்டனில் படிக்கிறவர் இவள் காலேஜில் மயங்கி விழுந்தாள் என்றல்லவா நினைப்பார்! 'கோப்' என்றாலே சமாளிப்பதுதான். அதற்கும் ஓர் 'அப்' மாட்டி 'கோப் அப்' என்கிறோம். நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேனோ!

எங்கள் ஊருக்கு 'அப்' புதிதும் அல்ல. பொழுது விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்குப் போகும் வண்டியில் 'பிக்கப்' உண்டு. 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்குச் சம்மதம் கொடுத்தபோது, எங்கள் மலையில் அதை 'செட் அப்' செய்யப் போவதாக ஆங்கிலத் தாள்கள் எழுதின. பிறகு எதிர்ப்பும் வழக்கும் வந்தன. 'ஹெல்ட் அப்' என்று எழுதின. ஆய்வுக்கூடம் வரவில்லை. மலை மலையாகவே இருக்கிறது.

பாடம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு அக்காவிடம் மெள்ளச் சொன்னேன்: "இந்தத் தடவை பீஸ் நான் கட்டுகிறேன்."

"நீ எதுக்குடி?"

"நீ எனக்குச் செய்ததற்கு..."

"செஞ்சதைச் சொல்லலாம். சொல்லிக் காட்டக் கூடாது. நீயும் காட்டாதே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். பணத்தை மட்டும் மறுக்கவில்லை.

தை மாதம் பெண் மறுபடி எழுதினாள். முடிவு வந்த அன்று நான் ஆபீஸில் தொடர்கதைக்குப் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சித்தி, கேட்டலில் 370!" என்றாள். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "அங்கே குளிர் ஜாஸ்தியாமே, கம்பளி எங்கேடி நல்லதாக் கிடைக்கும்னு உன் சித்திகிட்டே கேளு!"