கடைசி அங்கத்தை எடைபோடுதல்

2010 மே 23 இரவு அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'லாஸ்ட்' தொடர் முடிந்தது. சிட்னியிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் நோக்கிப் பறந்த ஓஷியானிக் 815 விமானம் நடுவானில் உடைகிறது. தப்பியவர்கள் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு சீசன்களாக நீண்ட கதை. கடைசிக் காட்சியில் மருத்துவர் ஜாக் மூங்கில் காட்டுக்குள் தள்ளாடி வந்து விழுகிறான். வின்சென்ட் என்ற நாய் வந்து அவன் அருகில் படுக்கிறது. அவன் கண் மூடுகிறது. பிறகு பெயர்கள் ஓடும்போது, ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவு கிடக்கும் படங்களை நிறுவனம் சேர்த்துக் காட்டியது. கதையை எழுதிய டேமன் லின்டெலாஃப், கார்ல்டன் கியூஸ் இருவரின் முடிவில் அந்தப் படங்களுக்குப் பங்கில்லை. தொடர் முடிந்து செய்திக்குப் போகுமுன் பார்வையாளருக்கு ஓர் இடைவெளி வேண்டும் என்று போட்டவை அவை. ஆனால் அவற்றைப் பார்த்த பலர், விமானம் விழுந்த அன்றே எல்லோரும் செத்துப்போனார்கள், இத்தனை வருடம் பார்த்தது ஆவிகளின் கதை என்று முடிவுகட்டிவிட்டார்கள். இன்றும் அப்படியே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே அங்கத்தில், சில நிமிடங்களுக்கு முன்புதான், சாவுக்குப் பின் எல்லோரும் சந்திக்கும் ஒரு தேவாலயத்தில் நின்று ஜாக்கின் தகப்பன் அவனுக்கு விளக்குகிறார்: தீவில் நடந்ததெல்லாம் உண்மை, எல்லோரும் ஒருநாள் சாகத்தான் செய்வார்கள், சிலர் அவனுக்கு முன்னால், சிலர் வெகுகாலம் கழித்து. இதைவிடத் தெளிவாக ஒரு கதை தன்னைத்தானே விளக்க முடியாது. அப்படியிருந்தும் தவறான வாசிப்பு பரவியது என்றால், அந்த இரவே அவசரமாக எழுதப்பட்ட விமர்சனங்களுக்கும் அதில் பங்குண்டு. கடைசி அங்கத்தைப் பற்றி எழுதுகிறவர் முதலில் நடந்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்லவேண்டும். பிடித்ததா, இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து தமிழில் எழுதும் விமர்சகருக்கு ஒரு வசதி இருக்கிறது. அவருடைய வாசகர்கள் அந்த இரவே படிப்பதில்லை. ரெஸ்ரோரன்ட் சமையலறையில் நள்ளிரவுவரை நிற்கிறவர்களும் விடியுமுன் துப்புரவு வேலைக்குப் போகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமைதான் தொடர் பார்ப்பார்கள். அதனால் முதல் ஆளாக எழுதவேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. முதல் தடவை குறிப்பேடு இல்லாமலே பார்க்கிறார். கண் கலங்கினால் கலங்கட்டும், சலித்தால் சலிக்கட்டும். இரண்டாம் தடவைக்கு முன்பு முதல் சீசனின் முதல் அங்கத்தைத் திரும்பவும் போட்டுப் பார்க்கிறார். இதைத் தவிர்க்கவே கூடாது. 2004இல் 'லாஸ்ட்' தொடங்கும்போது திரையில் முதலில் வருவது, அதே மூங்கில் காட்டில் திறக்கும் ஜாக்கின் கண். முதலில் அவனிடம் ஓடிவருவது அதே நாய். இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்குக் கடைசி நிமிடம் வேறு கனத்தோடு இறங்கும். வசனங்களை மூல ஒலியில் கேட்டு, பிரெஞ்சு, ஆங்கில உபதலைப்புகள் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்கிறார். முடிவு ஒற்றை வசனத்தில் தொங்கும் தொடர்களுக்கு இது அவசியம்.

சீசன் முடிவும் தொடர் முடிவும் ஒன்றில்லை. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது அநியாயம். 'லாஸ்ட்' முதல் சீசன் 2005 மே மாதத்தில் முடிந்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த இரும்புக் கதவை வெடிவைத்துத் திறந்து, ஆழமான குழிக்குள் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே என்ன என்று ஒரு கோடை முழுவதும் காத்திருக்கவேண்டி வந்ததில் பலருக்குக் கோபம். 2007 மே 23 அன்று வந்த மூன்றாம் சீசனின் முடிவு வேறு ரகம். அதுவரை தீவுக்கு முந்திய பழைய வாழ்க்கை என்று நாம் நம்பிப் பார்த்த ஒரு காட்சித்தொடர், உண்மையில் தீவிலிருந்து தப்பிய பிறகான வாழ்க்கை என்று கடைசி நிமிடங்களில் தெரியவருகிறது. தாடி வளர்ந்து, குடித்து அழியும் ஜாக், விமான நிலையத்தருகே நின்று மறுபடியும் தீவுக்கே போகவேண்டும் என்று கதறுகிறான். 'தப்புவார்களா?' என்ற மூன்று வருடக் கேள்விக்கு அங்கே முழுப் பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலின் வயிற்றிலிருந்தே அதைவிடக் கனமான கேள்வி பிறக்கிறது: தப்பியது வாழ்க்கையாகுமா? சீசன் முடிவு என்ற கலையில் இதற்கு மேலான ஓர் உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த அங்கம் ஏன் இவ்வளவு இறுக்கமாக வந்தது என்பதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. வருமானம் வரும்வரை இழுத்துக்கொண்டே போவது தொலைக்காட்சியின் வழக்கம். அதே மே மாதத்தில்தான் ஏபிசி, இன்னும் 48 அங்கங்கள், 2010இல் முடிவு என்று அறிவித்தது. முடியும் நாள் தெரிந்த பிறகுதான் எழுதுகிறவர்களுக்குக் கதையைச் சுருட்டி நகர்த்த முடிந்தது. மூன்றாம் சீசனின் நடுப்பகுதி நொண்டியதற்கு எழுத்தாளர்களை மட்டும் குறைசொல்கிற விமர்சனம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. பிரான்ஸிலேயே இதற்கு எதிர்மாறான உதாரணம் இருக்கிறது. கனால் பிளுஸ் ஒளிபரப்பிய 'லே ரெவெனான்' 2012இன் முடிவில், செத்தவர்கள் திரும்பி வந்த மலையூரை ஒரே இரவில் தண்ணீருக்கடியில் ஆழ்த்திவிட்டு நிறுத்தியது. அற்புதமான முடிவு. இரண்டாம் சீசன் வந்தது 2015இல். மூன்று வருட இடைவெளியில் அந்தக் கேள்வியின் சூடு ஆறிவிட்டது.

உயிர்பிழைப்பும் மர்மமும் கலந்த தொடரில் இரண்டு கடன்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று விடுகதைக்கான கடன்: யார் செய்தது, அந்தக் குறி என்ன, அந்தச் சத்தம் எது. மற்றது மனிதர்களுக்கான கடன்: பசித்தவர்கள் ஒருவரை ஒருவர் என்ன செய்தார்கள், அதோடு எப்படி வாழ்ந்தார்கள். பெரும்பாலான விமர்சனங்கள் முதல் கடனையே கணக்குப் பார்க்கின்றன. தீராத கேள்விகளைப் பட்டியல் போடுவது எளிது என்பதால் இருக்கலாம். இரண்டாவது கடன் தீர்ந்ததா என்பதுதான் ஒரு முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

'யெல்லோஜாக்கெட்ஸ்' இதற்குச் சரியான சோதனைக்களம். 1996இல் விமானம் விழுந்து காட்டில் சிக்கிய பள்ளிக் கால்பந்து அணிப் பெண்களின் கதை. அதன் பின்னால் 1972 அக்டோபர் 13 அன்று அன்டீஸ் மலையில் விழுந்த உருகுவே ரக்பி அணியின் விமானம் நிற்கிறது. 45 பேர் ஏறியதில், 72 நாள் பனியில் கிடந்து, இறந்தவர்களின் உடலைத் தின்று, மீண்டவர்கள் 16 பேர். தொடரின் முதல் அங்கமே, பனியில் வெறுங்காலோடு ஓடும் ஒரு பெண் கூர்க்கழிகள் நட்ட குழிக்குள் விழுவதோடு தொடங்குகிறது. அவள் யார்? 2021 நவம்பரில் கேட்ட இந்தக் கேள்விக்கு 2025 ஏப்ரலில் வந்த மூன்றாம் சீசன் முடிவுதான் பதில் சொன்னது. (அவள் பெயர் இங்கே தேவையில்லை, இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள்.) ஆனால் அந்தப் பதிலைவிட 2022 ஜனவரியில் வந்த முதல் சீசன் முடிவே மேலானது. அங்கே எந்த மர்மமும் தீரவில்லை. நெருங்கிய தோழிகள் இருவருக்குள் சண்டை மூள்கிறது. கோபித்துக்கொண்டு ஒருத்தி குடிலை விட்டு வெளியே போய்ப் படுக்கிறாள். மற்றவள் கூப்பிடவில்லை. இரவில் பனி கொட்டுகிறது. யாரும் அவளைக் கொல்லவில்லை, பேயும் வரவில்லை. இரண்டு பிள்ளைகளின் வீம்பு போதுமாயிருந்தது.

லாச்சப்பலில் இருந்து இதைப் பார்க்கும்போது வேறொரு பார்வையும் சேர்ந்துகொள்கிறது. ஃபோபூர் சாந்தெனி வீதியிலும் கய் வீதியிலும் கடை வைத்திருப்பவர்களில், அங்கே மரக்கறி வாங்க வருகிறவர்களில், ஈழப்போரிலிருந்து உயிர்பிழைத்து வருவதென்றால் என்னவென்று அனுபவித்தவர்கள் ஏராளம். இவர்களுடைய கதையையே ஜாக் ஒதியார் 'தீபன்' என்று எடுத்தார். 2015இல் கான் திரைவிழாவில் தங்கப்பனை வென்ற படம். நாயகன் பாரிஸில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி. செத்தவர்களின் கடவுச்சீட்டில், ஒருவரையொருவர் அறியாத மூவர் குடும்பமாக நடித்துப் பிரான்ஸ் வருகிறார்கள். இறுதியில் தீபன் கத்தியோடு இறங்கி, புகைமண்டிய மாடிப்படிகளில் ஏறிப்போய், மனைவியாக நடிக்கும் யாழினியை மீட்கிறான். அடுத்த காட்சி இங்கிலாந்து: வெயில், தோட்டம், கையில் குழந்தை. இந்த முடிவைப் பொய்யான சுபம் என்று பல விமர்சகர்கள் சாடினார்கள். பிரான்ஸிலிருந்து கடல்தாண்டி இங்கிலாந்தில் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களைத் தெரிந்தவருக்கு அந்தத் தோட்டம் அப்படியொன்றும் அதிசயமில்லை. படம் தடுமாறுவது அதற்கு முந்திய மாடிப்படியில்தான். அதுவரை வேலை, மொழி, சம்பளம், பயம் என்று ஒவ்வோர் அடியாகக் கவனித்து வந்த கதை, அங்கே தீபனுக்குள் இருந்த பழைய போராளியை எழுப்பிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டது. ஒரு முடிவில் எந்த நிமிடம் தவறியது என்று விரல்வைத்துக் காட்டுவதும் விமர்சகரின் வேலை. 'முடிவு சரியில்லை' என்று மொத்தமாகச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

லாச்சப்பல் மெட்ரோவின் பக்கத்திலேயே 'பூஃப் டு நோர்' அரங்கு இருக்கிறது. 1974இல் பீட்டர் புரூக் மீண்டும் திறந்து நடத்திய இடம். 1985இல் அவரும் ஜான்-குளோட் கரியேரும் ஆவிஞ்ஞோனில் அரங்கேற்றிய ஒன்பது மணிநேர 'மகாபாரதம்' பிறகு இங்கேயும் ஆடப்பட்டது. மல்லிகா சாராபாய் திரௌபதி. நீண்ட கதையை எப்படி முடிப்பது என்ற கேள்விக்கு இந்தச் சுற்றாடலிலேயே ஒரு பழைய விடை கிடைத்துவிடுகிறது. பாண்டவர்கள் மலையேறுகிறார்கள். ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசிவரை தருமனோடு வருவது ஒரு நாய். மேலே போனால் சுவர்க்கத்தில் துரியோதனன் அமர்ந்திருக்கிறான், தம்பிகள் நரகத்தில். அதுவும் கடைசி மாயை என்று பிறகு தெரிகிறது. 'லாஸ்ட்' முடிவைப் பார்த்து மேற்கில் பலர் திகைத்தபோது, சாவுக்குப் பின் எல்லோரும் ஓரிடத்தில் சந்திப்பதும், பக்கத்தில் நாய் படுத்திருப்பதும் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்குப் புதிதாக இருந்திருக்காது. தமிழில் எழுதுகிறவர் இந்த அறிவைத் தன் விமர்சனத்துக்குள் கொண்டுவரத் தயங்கவேண்டியதில்லை. எங்கே முடிப்பது என்ற விவாதமும் தமிழுக்குப் பழையதுதான். வில்லிபுத்தூரார் போர் முடிவதோடு பத்துப் பருவங்களில் நிறுத்திக்கொண்டார். அது போதாதென்று நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பருவங்களையும் பாடி நிறைவுசெய்தார்.

மர்மத்தை எவ்வளவு வெளியே சொல்லலாம் என்பதில் தமிழ்த் தொலைக்காட்சிக்கே நல்ல பழக்கம் இருந்தது. 90களில் சன் தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில், நாகாவின் இயக்கத்தில் 'மர்மதேசம்' ஓடியது. அதில் 'விடாது கருப்பு' கதையின் குற்றவாளி யார் என்று அறியக் குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன. புலம்பெயர்ந்த ஊர்களில் தொடர்களும் படங்களும் வீடியோ கசெற்றாகக் கைமாறிய காலம் அது. முன்னதாகப் பார்த்துவிட்டவர் பின்னால் பார்ப்பவரிடம் வாய்திறக்கக் கூடாது என்பது எழுதாத ஒப்பந்தம். 2022 ஜூன் மாதத்தில் புஷ்கர்-காயத்ரியின் 'சுழல்' எட்டு அங்கங்களும் ஒரே நாளில் வந்தபோது நிலைமை மாறிவிட்டது: ஒருவர் முதல் அங்கத்தில், அடுத்தவர் எட்டாவதில். அதனால் விமர்சகர் தன் கட்டுரையை இரண்டாகக் கட்டுகிறார். முன்பகுதியில் சூழல், நடிப்பு, மயானக்கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னிய விதம். பின்பகுதியில், முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, கொலையாளியும் காரணமும். தலைப்பிலும் படத்திலும் எதையும் கசியவிடுவதில்லை. விடையை மறைத்தபடியே முடிவு நேர்மையானதா என்று சொல்ல முடியும்: துப்புகள் முன்பே கண்ணெதிரில் வைக்கப்பட்டிருந்தனவா என்று மட்டும் பார்த்தால் போதும். 'சுழல்' வைத்திருந்தது.

விடையே தராத முடிவுகளைப் பற்றி எழுதும்போது லாச்சப்பலில் அதிகக் கவனம் தேவைப்படுகிறது. லின்டெலாஃப் 'லாஸ்ட்'டுக்குப் பிறகு டொம் பெரோட்டாவோடு சேர்ந்து எச்பிஓவுக்கு எழுதிய 'தி லெஃப்ட்டோவர்ஸ்' தொடரில், உலக மக்களில் இரண்டு வீதம் பேர் ஒரே கணத்தில் மறைந்துவிடுகிறார்கள். எங்கே போனார்கள் என்று மூன்று சீசன்களிலும் தொடர் தன் வாயால் சொல்லவில்லை. 2017 ஜூன் 4 அன்று வந்த கடைசி அங்கத்தில், கணவனையும் இரு பிள்ளைகளையும் இழந்த நோரா, அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்துத் திரும்பியதாக ஒரு நீண்ட கதை சொல்கிறாள். அந்தப் பயணம் திரையில் காட்டப்படுவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் கெவின் அதை நம்புகிறான். அவ்வளவுதான் முடிவு. அதே வருடம் பெப்ரவரி 20 அன்று இலங்கையின் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்திருந்தது விடை வேண்டித்தான். அவர்களின் உறவுகள் லாச்சப்பலிலும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கும் பத்திரிகையில், மர்மம் மர்மமாகவே இருக்கட்டும் என்று எழுதிவிட்டு நகர முடியாது. நாட்டில் நடந்த காணாமல்போதலுக்குப் பொறுப்பானவர்கள் உண்டு, பதில் சொல்லவேண்டிய அரசு உண்டு. தொடரில் நடந்ததற்கு அப்படி யாருமில்லை. இந்த வேறுபாட்டை ஒரு பத்தியாவது ஒதுக்கி எழுதிய பிறகுதான், நோராவாக நடித்த கேரி கூனின் முகத்தில் அந்தக் கதை எப்படி ஏறி இறங்கியது என்று பாராட்ட விமர்சகருக்கு மனம் வரும். பாராட்டத்தான் வேண்டும்; அண்மைக்காலத் தொலைக்காட்சியில் அதற்கு இணையான முடிவுகள் மிகக் குறைவு.

'யெல்லோஜாக்கெட்ஸ்' நான்காவது சீசனோடு முடியப்போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். மூன்றாம் சீசனின் கடைசி நிமிடத்தில் அணிப் பெண்களில் ஒருத்தியான நடாலி மலையுச்சிக்கு ஏறி, ஒட்டுப்போட்ட தொலைபேசியில் வெளியுலகத்தின் குரலைக் கேட்டுவிட்டாள். ஆகவே மீட்பு வரும், அதில் சந்தேகமில்லை. விமர்சகரின் குறிப்பேட்டில் இப்போதே இருக்கும் கேள்விகள் நான்கு: ஹெலிகொப்டர் இறங்கும்போது யார் யார் ஓடிப்போகிறார்கள், யார் பின்தங்கி நிற்கிறார்கள், தாங்கள் தின்றவர்களின் பெயரைச் சொல்லி யாராவது அழுகிறார்களா, வீடு திரும்பியபின் சொல்லப்போகும் பொய்யை முதலில் உச்சரிப்பது யார்.