கூலி கூடிய தேசம்

இங்கிலாந்தில் பொருள் மலிவு, ஆள் கூலிதான் அதிகம். எங்கள் சாத்தூர்ப் பக்கம் அப்படியே தலைகீழ். இந்த ஒரு வித்தியாசம்தான் என்னைக் காருக்கு அடியில் படுக்கவைத்தது.

குளிர்காலக் காலைகளில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம். ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்றார்கள் ஒர்க் ஷாப்பில். கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது இந்தச் செயின். அது பல் தாண்டினால், பல இன்ஜின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். அத்தோடு இன்ஜின் கதை முடிந்தது. செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழி விலகாமல் காக்கும் கைடு எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் பவுண்டு. மாட்டித் தரக் கேட்ட கூலியோ அதைப்போல ஆறு மடங்கு. 20 சதவீதம் வாட் வரி தனி.

நானே மாற்றப்போகிறேன் என்று எங்கள் ஊர் இருக்கன்குடிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “ஏம்ப்பா, மெக்கானிக்குக்குக் குடுக்கத் துட்டு இல்லையா?” என்றாள் அம்மா. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவன் ஸ்பேனர் பிடிக்க மாட்டான். ஸ்பேனர் பிடிப்பவனிடம் கார் இருக்காது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோவிலுக்கு வரும் வேன் ஏதாவது வழியில் நின்றுவிட்டால் சாத்தூரிலிருந்து மெக்கானிக் அண்ணாச்சி வருவார். நீளமான ஸ்குரூ டிரைவரை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு நாம் கொடுத்தது ஒரு டீயும், பேரம் பேசிக் குறைத்த கூலியும்.

இங்கே அண்ணாச்சியின் இடத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. ஹேன்ஸ் மேனுவல். அதை உருவாக்கிய ஜான் ஹேன்ஸ் 1938-ல் இலங்கையில், தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். விமானப்படை வேலையாக ஏடனில் இருந்தபோது, கூட வேலை பார்த்தவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைப் பிரித்துப் பூட்டி, கட்டம் கட்டமாகப் படமெடுத்தார். 1966-ல் அதுவே முதல் மேனுவலானது. வக்கீலும் வாத்தியாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கிரீஸோடு நிற்பது இந்த நாட்டில் சாதாரணக் காட்சியானதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

எனக்குப் புத்தகம் மட்டும் போதவில்லை. கிராங்க் புல்லி போல்ட் அசையவே மறுத்தது. இது கவென்ட்ரி, கார் செய்த ஊர். பக்கத்து வீட்டுப் பெரியவர் ரைட்டன் கார் தொழிற்சாலையில், 2006 கடைசியில் அது உற்பத்தியை நிறுத்தும்வரை வேலை பார்த்தவர். ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனர் பிடியில் செருகினார், போல்ட் இறங்கிவந்தது. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால் பிளாஸ்டிக் கைடின் துணுக்குகள். எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் ஆயில் மாற்றக் கஞ்சப்பட்டிருக்கிறார்.

லாக்கிங் பின்களை இட்டு ஷாஃப்ட்களை நிறுத்தி, புதுச் செயினை மாட்டினேன். ஒரு முறை முறுக்கிய அந்தப் புல்லி போல்ட் மறுபடி உதவாது, புதிது போட்டேன். சாவியைத் தொடவிடவில்லை பெரியவர். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றச் சொன்னார். எங்கும் இடிக்காமல் சுற்றி, பின்கள் மறுபடி அதே துளைகளில் இறங்கினால்தான் ஸ்டார்ட்டர். இந்த நிதானம் எனக்குப் புதிதில்லை. மருந்து அறையில் இரும்பு ஆகாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது என்று பட்டாசு ஆலைக்குப் போய்வந்த பெரியம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அத்தனை கவனத்துக்கும் அவளுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி.

பட்டாசு ஊரான சிவகாசியிலிருந்து 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கே போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதில் வளர்ந்தது அந்த ஊர். தொழில் கற்பதைக் கௌரவமாக நினைத்த மண்தான் அது. கற்றவனுக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் நமக்குக் கை சுருங்குகிறது.

கார் ஓடுகிறது, சத்தமில்லை. பழைய ஆயிலை நகராட்சிக் குப்பை மையத்தில் தனித்தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். விடுமுறைக்கு ஊர் வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடகைக் கார் வழியில் நின்றால், அண்ணாச்சி கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.